ஹர்லாமின் தொப்பியும் எங்கள் அண்ணியும்

காற்றை அவள் கெடுக்கவில்லை. நேற்று வலைக் கொட்டகையில் அக்ரஃபேனாவின் பேத்தி அத்தனை பேர் முன்னால் வாய் கூசாமல் சொன்னாள்: அந்தக் காலத்தில் ஃபெவ்ரோன்யா என்று ஒருத்தி இருந்தாளாம், கீழ்க்காற்றைக் கெடுத்து வைத்தாளாம், அதனால் ஒரு படகு போயிற்றாம். இல்லை என்று அங்கேயே சொன்னேன்.

"உங்க பாட்டி அழுதப்போ பக்கத்துல உக்காந்திருந்தவ நான். உனக்கு அப்போ பேருகூட வைக்கல. வலையைப் பாத்து முடிச்சுப் போடு."

அவள் விடுகிறவள் இல்லை. பாட்டியின் நாக்கு அப்படியே வந்திருக்கிறது.

"சரி பாட்டி, ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு அவ புருஷன் செத்திருந்தானா, உயிரோட இருந்தானா? செத்திருந்தா, விதவை கரைக்கு வந்து தலை எண்ணினதால காத்து கெட்டுச்சு. உயிரோட இருந்தா, அவனுக்காக வேணும்னே கெடுத்தா. எதை எடுத்தாலும் அவதானே?"

கொட்டகையில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் பதில் இல்லாதது வேறு, குற்றம் செய்தது வேறு. இதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்து யோசித்தால் எனக்கே குழம்புகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஊரில் நாலு விதமாகச் சொல்வார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் வாசல் தாண்டும்வரை என் கண்ணால் பார்த்தேன். அதுவரைக்கும்தான் சொல்வேன்.

ஃபெவ்ரோன்யா என் அண்ணன் சவ்வாத்தியின் மனைவி. வெள்ளைக் கடல் கரையில் இருக்கிற எங்கள் சும்ரெகா ஊர்க்காரி இல்லை. ஆற்றின் மேல்பக்கம், காட்டுக்குள் இருக்கிற ஊர். கல்யாணத்துக்கு வந்தபோதுதான் கடலை முதன்முதலில் பார்த்தாள். சாயங்காலம் பார்த்த கடல் காலையில் இல்லை. வற்றத்தில் இறங்கிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டியவரை சேறும் கல்லும். புதுப்பெண் ஓடிவந்து என் அம்மாவிடம், "அத்தை, தண்ணியைக் காணோம்" என்றாள். என் அம்மா உலியானா லேசில் சிரிக்காதவள். அடுப்பைப் பார்த்தபடியே, "எங்க போயிடப் போகுது, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடும்" என்றாள். அண்ணி அதை நம்பிக் கரையில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மா எது சொன்னாலும் அவள் நம்புவாள். பின்னால் ஒன்றே ஒன்றைத்தான் நம்ப மாட்டேன் என்றாள்.

எங்கள் கரையில் ஆண்கள் குளிர்காலம் முடியுமுன், பனிச்சறுக்கு வண்டி ஓடும்போதே மூர்மன் கரைக்குக் காட் மீன் பிடிக்கப் புறப்பட்டு, இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் கடல் வழியாகத் திரும்புவார்கள். அதுவரை குதிரை, மாடு, வரி, சாவு எல்லாம் பெண்கள் பாடு. தபால் படகும் நாங்கள்தான் வலிப்போம். தண்ணியைக் காணோம் என்று ஓடிவந்தவள் சில வருஷத்தில் தபால் படகுக்குச் சுக்கான் பிடித்தாள். பட்டணத்து அதிகாரிகள் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்பார்கள். "மெதுவா போனா அலை உள்ள வரும் ஐயா. நீங்க குனிஞ்சே இருங்க, அதான் நல்லது" என்பாள். ஒரு கையில் சுக்கான், மறுகையில் மீன் அடைத்த ரொட்டி.

அண்ணன் சவ்வாத்தி மூர்மனுக்குப் போகிறவன் இல்லை. அவனுக்குக் கிழக்குதான். வால்ரஸ் வேட்டைப் படகுகளில் யூகர் இடுக்குவரை போய்வருவான். அது இரண்டு கரைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கிப் போகிற இடம். அதைத் தாண்டினால் காரா கடல், அங்கே தண்ணீரைவிடப் பனிக்கட்டி அதிகம்.

அவன் தலைக்குள் கிழக்கைப் போட்டது எங்கள் தாத்தா. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் முட்டை மாதிரி வயிறு பருத்த படகுகளில் அந்த இடுக்கைத் தாண்டிப் போவார்களாம். பனிக்கட்டி நெருக்கினால் படகு நொறுங்காதாம், பிதுங்கி மேலே ஏறிக்கொள்ளுமாம். அப்புறம் யமால் நிலத்தின் குறுக்கே படகை இழுத்துப்போய், அந்தப் பக்கத்து ஆற்றில் இறக்கி, சேபிள் விலங்கின் மயிர்த்தோல் வாங்கி வருவார்களாம். பரதேசத்துக் கப்பல்கள் அந்த வழியைத் தெரிந்துகொள்ளும் என்று ஒரு ஜார் பயந்துபோய், போனால் உயிர் போகும் என்று உத்தரவு போட்டார். ரெண்டு தலைமுறையில் போன ஆளெல்லாம் மண்ணுக்குப் போயாச்சு, வழி வாயில் மட்டும் மிச்சம். பிறகு பரதேசத்தார் அதே வழியைத் தேடி வந்தார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. கடல்முனைகளில் நம் ஆட்கள் அடையாளத்துக்கு நட்டிருந்த மரச்சிலுவைகளுக்குப் பக்கத்திலேயே தங்கள் சிலுவைகளையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

"அது நம்ம வழிடா" என்பார் தாத்தா.

"வழி மறந்துபோச்சுன்னா அப்புறம் எப்படி அது நம்ம வழி தாத்தா?" என்று நான் கேட்டேன். அவர் என் காதைத் திருகினார். இது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது இரும்பு மூக்கு வைத்த கப்பல்கள் பனியை உடைத்துக்கொண்டு போகின்றன, புது வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று வானொலியில் சொல்கிறார்கள். மறந்தவன் வழியா, தேடினவன் வழியா, உடைத்தவன் வழியா, எனக்குத் தெரியாது.

ஜப்பான் சண்டைக்கு முந்திய கோடையில் ஆர்ஹாங்கெல்ஸ்க் வியாபாரி ஒருவர் யெனிசேய் ஆற்று முகத்துக்குக் கப்பல் அனுப்பினார், அங்கே மலிவாகக் கிடைக்கும் கோதுமையை ஏற்றிவர. பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று பனியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். சவ்வாத்தி போனான். எங்கள் கரையிலிருந்து வேறு இரண்டு பேரும் போனார்கள். போகும்போது அண்ணியிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: "பனி விழுமுன்ன, பொக்ரோவ் திருநாளுக்குள்ள வந்துடுவேன். மேல்காத்து அடிச்சா இடுக்கு திறக்கும். மேல்காத்து அடிக்கணும்னு வேண்டிக்கோ."

அந்த வருஷம் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தது. பிடித்த பிடியை விடாமல் அடித்தது.

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. மூர்மனிலிருந்து வீடு திரும்பும் படகுக்குக் கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று வேண்டும். இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். மேல்காற்று விடாமல் அடித்தால் படகுகள் வெள்ளைக் கடலின் குறுகிய வாயான கழுத்தண்டையே கிடக்கும். உள்ளே வர முடியாது. எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்த என் கணவர் யெவ்லாம்பி அதில் ஒரு படகில் இருந்தார். அக்ரஃபேனாவின் ஒரே மகன் பிமெனும் இருந்தான். ஊர்ப்பெண்கள் காலையில் எழுந்ததும் கூரைமேல் இருக்கிற காற்றுகாட்டியைப் பார்த்து முகத்தைச் சுளிப்போம். அண்ணி மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பால் கறக்கப் போவாள்.  எதற்கு இந்தப் பாட்டு என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பலகையைத் துடைத்தாள். இரண்டு ரொட்டிகளை நடுவே சந்து விட்டு வைத்தாள்.

"இது இடுக்கு. பலகை கடல்." சந்துக்கு ஒரு பக்கம் மாவைக் கொட்டினாள். "இது காரா கடல் பனி." மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு உப்புக்கல்லை வைத்தாள். "அது உங்க அண்ணன்."

பிறகு குனிந்து உப்புக்கல் பக்கமிருந்து ஊதினாள். மாவெல்லாம் நகர்ந்து வந்து சந்தை அடைத்துக்கொண்டது.

"இது கீழ்க்காத்து. கதவைச் சாத்திடுச்சு." இந்தப் பக்கம் வந்து ஊதினாள். மாவு விலகியது, சந்து திறந்தது. "இது மேல்காத்து. இப்போ அவர் வரலாம்."

எனக்கு மூக்கில் மாவு ஏறி ஒரு தும்மல் வந்தது. ரொட்டி, மாவு, உப்புக்கல் எல்லாம் இடம் மாறிப்போயின.

"இது எந்தக் காத்து அண்ணி?" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கேட்டேன்.

"அப்போ நான் எந்தக் காத்தைக் கேக்குறது?"

"நீ உன் புருஷனுக்குக் கேளு. நான் என் புருஷனுக்குக் கேக்குறேன். காத்து யார் பேச்சைக் கேக்குதோ கேக்கட்டும்."

"உங்க புருஷன் எங்க அண்ணன்."

அவள் பலகையில் சிதறிய மாவைத் துடைத்தெடுத்தாள். "ஆமா அனிஸ்யா" என்றாள். "அதை நான் யோசிக்கல."

காற்று திரும்பாவிட்டால் எங்கள் பெண்கள் செய்வது ஒன்று உண்டு. சாயங்காலம் கரைக்குப் போவோம். ஒரு குச்சி எடுத்துக்கொண்டு, ஊரில் உயிரோடு இருக்கிற வழுக்கைத்தலையர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணுவோம். ஒரு பெயருக்கு ஒரு வெட்டு. இருபத்தேழு வழுக்கை சேர வேண்டும். சேர்ந்ததும் குச்சியைத் தலைக்குமேல் கிழக்கே எறிந்து, கீழ்க்காற்றுக்குக் கஞ்சி காய்ச்சித் தருவதாக ஆசை காட்டிக் கூப்பிடுவோம். கடலில் ஆள் இருக்கிறவள் யாரும் எண்ணலாம். விதவை மட்டும் எண்ணக்கூடாது. விதவையின் வாயிலிருந்து வந்த பெயர் செத்த பெயர், காற்று அதற்கு அசையாது என்பார்கள்.

அண்ணி முதலில் வரமாட்டேன் என்றாள். தானே விதவை என்பதால் போக முடியாத அம்மா மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே கரையில நிக்கும்போது நீ வீட்ல இருந்தா, ஊர் ஆம்பளைங்க வர வேணாம்னு சொன்ன மாதிரி ஆகும்மா. நாளைக்கு உன்கூட யார் படகு வலிப்பா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியைக் கட்டினாள். "உன் யெவ்லாம்பிக்காக வரேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். என் காதால் கேட்டது இது.

கரையில் காற்று பாவாடையைப் பிடுங்கியது. கத்தி அக்ரஃபேனாவின் கையில். பெயர்கள் மளமளவென்று வந்தன. இருபது தாண்டியதும் தடுமாற ஆரம்பித்தோம்.

"நிக்கானோர்" என்றாள் ஒருத்தி.

"நிக்கானோருக்குப் பின்னாடி முடி இருக்கேடி."

"முன்னாடி இல்லையே."

"அது வழுக்கை இல்ல, நெத்தி. அவங்க அப்பனுக்கும் அப்படித்தான், ரொட்டி சுடுற கல்லு மாதிரி."

"என் மாமனாரைச் சேர்த்துக்கலாமே."

"உன் மாமனார் போன நோன்புல போயிட்டாரே."

"வழுக்கையாத்தானே போனாரு."

நிக்கானோரை அரை வழுக்கை என்று தள்ளிவிட்டோம். இருபத்தாறில் நின்றுவிட்டது. யாருக்கும் இன்னொரு பெயர் வரவில்லை. ஏற்றத் தண்ணீர் காலை நனைக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அண்ணி சொன்னாள்:

"தார் காய்ச்சுற ஹர்லாம்."

ஹர்லாம் ஊர் எல்லையில் படகுகளுக்குத் தார் காய்ச்சிக் கொடுக்கிறவர். பழைய முறைப்படி கும்பிடுகிறவர், எங்கள் கோவிலுக்கு வரமாட்டார். கோவிலுக்குள்தான் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், அங்கே வராத ஆளின் தலையை யார் பார்த்தது? கோடையிலும் மான்தோல் தொப்பி. யாரும் ஒன்றும் சொல்வதற்குள் அக்ரஃபேனாவே சொன்னாள், "அட ஆமா. வெயில்லயும் தொப்பி போட்டுக்கிட்டு அலையிறவன் வேற எதுக்கு அலையிறான், வழுக்கையை மறைக்கத்தான்." சொல்லிவிட்டு இருபத்தேழாவது வெட்டைத் தன் கையால் போட்டாள். இதை அவள் பேத்தி சொல்வதில்லை. குச்சியை எறிந்தோம். தண்ணீரில் விழுந்து சுற்றியது. அதன் முனை காட்டும் பக்கத்திலிருந்து காற்று வரும்; கிழக்கே காட்டியது என்றோம். காட்டியதா என்று எனக்கு நிச்சயம் இல்லை.

மறுநாள் காலையில் கீழ்க்காற்று வந்தது. நாங்கள் கஞ்சி காய்ச்சினோம். மத்தியானத்துக்குள் அது செத்து, மறுபடி மேல்காற்று, அதோடு பனிமழை. அந்த அரை நாள் காற்றில் நாலைந்து படகுகள் கடலின் கழுத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. யெவ்லாம்பியின் படகு அதில் ஒன்று. கடைசியாக வந்த படகு நடுவில் மாட்டிக்கொண்டது. அதில்தான் பிமென் இருந்தான். பலகைகள் ஒதுங்கின. ஆட்கள் ஒதுங்கவில்லை.

பொக்ரோவ் வந்தது, போனது. சவ்வாத்தி வரவில்லை. மேல்காற்று அப்படி அடித்தும் வரவில்லை.

குளிர்காலத்தில் செய்திகள் வந்தன. ஒன்றுக்கொன்று சேரவில்லை. வியாபாரியின் ஆள், கப்பலை யாரும் பார்க்கவே இல்லை, எல்லாரும் கடலோடு போய்விட்டார்கள் என்று சொல்லியனுப்பினான். நார்வேக்காரன் ஒருவன், யெனிசேய் முகத்தில் பனிக்குள் ஒரு கப்பல் நின்றது, புகை வந்தது, ஆனால் பாய்மரம் மூன்று என்றானாம்; சவ்வாத்தியின் கப்பலுக்கு இரண்டுதான். சந்தைக்கு மான் வண்டியில் வந்த, மான் மேய்க்கும் நேனெட்ஸ் இனக் கிழவர் ஒருவர், யமால் கரைக்குச் சிலபேர் பனிமேல் நடந்து வந்தார்கள், அதில் ஒருவர் மட்டும் எதையோ மறந்துவிட்டேன் என்று கப்பலுக்குத் திரும்பிப் போனார் என்றார். அண்ணி அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"திரும்பிப் போனவர் எப்படி இருந்தாரு?"

"தாடி வச்சிருந்தாரு."

"எல்லாரும் தாடி வச்சிருப்பாங்களே."

கிழவர் அவள் இடுப்பில் செருகியிருந்த கையுறையைக் காட்டினார். "கையுறை இந்த மாதிரி. இதே பின்னல்."

அது எங்கள் ஊர்ப் பின்னல். ஆனால் அந்தக் கப்பலில் எங்கள் கரைக்காரர்கள் மூன்று பேர். மூன்று பேர் கையிலும் இதே பின்னல்தான். ஒரு ஜோடி நானே பின்னியது.

"அங்க அப்போ என்ன காத்து ஐயா?" என்று நான் குறுக்கே கேட்டேன். "இங்க மேல்காத்து அடிச்சுது."

"அங்க கீழ்க்காத்துதான் அடிச்சுது. அதான் பனி இடுக்கை அடைச்சிருந்துச்சு" என்றார் அவர். "இங்க அடிக்கிற காத்தே அங்கயும் அடிக்கணுமா என்ன? உங்க காத்து என்ன, வீட்டு நாயா, கூடவே வர?"

அண்ணி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதற்காக எதை எண்ணினோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தத் தொப்பி விவகாரம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு நாட்கள். படகுகளைத் தயார் செய்யத் தார் வாங்கப் பெண்கள் போயிருந்தோம். கொப்பரையிலிருந்து பொறி பறந்து ஹர்லாமின் தொப்பியில் பிடித்தது. அவர் அதைப் பிடுங்கிப் பனியில் எறிந்து மிதித்தார். தலையில் செம்மறிக்கடா மாதிரி முடி. காதை மூடி, கழுத்துவரை. வாளி பிடித்த கைகள் அப்படியே நின்றன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பொம்பளைங்களா, முடியைப் பாத்ததே இல்லையா?" என்றார்.

அக்ரஃபேனா வாளியைக் கீழே போட்டுவிட்டு அண்ணியிடம் வந்தாள். அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. "என் புள்ளைக்கு ஒரு தலை குறைஞ்சிருக்கு ஃபெவ்ரோன்யா" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி தன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரியல அனிஸ்யா." நின்றுவிட்டாள். "உன் புருஷன் வரணும்னுதான் வந்தேன். இருபத்தாறுல நின்னப்போ நல்லதாப்போச்சுன்னு ஒரு மனசு சொல்லுச்சு. ஐயோன்னு ஒரு மனசு சொல்லுச்சு. வாயைத் திறந்தேன், அந்தப் பேர் வந்துச்சு. எந்த மனசு சொல்லுச்சுன்னு எனக்கே தெரியல."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாதியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: அவள் கெடுத்தாள் என்றால் அந்த அரை நாள் காற்று எங்கிருந்து வந்தது? அந்தக் காற்றில்தானே என் புருஷன் வீடு வந்தார். மேல்காற்றை அவள் வரவழைத்தாள் என்றால் அவள் புருஷன் ஏன் வரவில்லை? பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சூனியம் வைத்தவள் வீட்டிலும் பால் இல்லை என்றால் அது என்ன சூனியம்?

ஊர் என் கணக்கைக் கேட்கவில்லை. அக்ரஃபேனா கிணற்றடியில், கோவில் வாசலில் சொல்லத் தொடங்கினாள்: அவன் முன்னாலேயே செத்திருக்கிறான், இவள் விதவையாக வந்து எண்ணியிருக்கிறாள், இல்லாவிட்டால் வேண்டுமென்றே செய்திருக்கிறாள். அப்போதே அந்த இரண்டு பக்கக் கத்தி தயாராகிவிட்டது, பேத்தி இப்போது எடுத்து வீசுகிறாள். அக்ரஃபேனாவை நான் திட்டமாட்டேன். மகனைக் கடலில் விட்டவள் யாரையாவது கைகாட்டத்தான் செய்வாள். காற்றைக் கைகாட்ட முடியுமா.

தபால் படகில் அண்ணிக்குத் துணை வலிக்க ஆள் வராமல் போயிற்று. அது போதாதென்று வீட்டுக்குள்ளேயே பிரச்சினை முளைத்தது. அம்மாவுக்கு உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. திரித்துவத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, இறந்தவர்களுக்கான நாளில், சவ்வாத்திக்குக் கோவிலில் இறுதிச் சடங்குப் பாட்டு பாடிவிட வேண்டும், கடல்முனையில் அவன் பெயருக்குச் சிலுவை நடவேண்டும் என்றாள். பாதிரியார் ஒரு நிபந்தனை சொன்னார்: மனைவி கறுப்புத் துணி கட்டி முன்னால் மெழுகுவர்த்தி பிடித்து நிற்க வேண்டும். உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. புருஷன் இறந்துவிட்டார் என்று மனைவியும் வந்து நிற்காவிட்டால் நான் யாருக்குப் பாடுவது என்றார்.

ஆக எல்லாம் அண்ணி கையில் வந்து நின்றது.

"என் புள்ளைக்குப் பாடாம நான் கண்ணை மூடமாட்டேன்" என்றாள் அம்மா. "பாடலேன்னா அவன் எந்தப் பக்கம் போவான்? பனிமேலயே அலைவான்."

"உயிரோட இருக்கிறவருக்குப் பாடினா அவர் எந்தப் பக்கம் வருவார் அத்தை? வீட்ல கதவைச் சாத்திட்டாங்கன்னு அங்கயே இருந்துடமாட்டாரா?"

"நான் சொன்னா நம்புவியே."

"தண்ணி வரும்னு சொன்னீங்க, நம்பினேன். வந்துச்சு. இப்போ வராதுன்னு சொல்றீங்க."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் நடுவில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னபோது அம்மா சொல்வது சரி. அண்ணி சொன்னபோது அண்ணி சொல்வது சரி. அவன் செத்திருந்தால் நாங்கள் அவனுக்குத் துரோகம் செய்கிறோம். இருந்தால் வேறு துரோகம். நூல் சிக்கிக்கொண்டது, அறுத்துப் போட்டேன்.

அம்மாவின் உடம்பைப் பார்த்து அந்த வருஷம் மூர்மனுக்குப் போகாமல் இருந்துவிட்ட யெவ்லாம்பி சிலுவைக்கு மரம் வெட்டிவந்து முற்றத்தில் போட்டுச் செதுக்கத் தொடங்கினார். அவருக்கும் மனம் இல்லை. மாமியார் சொல்லைத் தட்ட முடியாது. பெயர் வெட்டும்போது மட்டும் உளியை நிறுத்தி நிறுத்தி எடுத்தார்.

அந்த வாரம் பக்கத்து ஊர் மாலுமி ஒருவர் வேட்டைப் படகோடு தண்ணீர் பிடிக்க எங்கள் ஆற்றுவாயில் ஒதுங்கினார். யூகர் இடுக்குக்குப் போகிறவர். அவருடைய சமையல்காரன் வழியில் கையை உடைத்துக்கொண்டான். அண்ணி போய்ப் பேசிவிட்டு வந்ததே எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் அம்மா கறுப்புத் துணியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். தபால் படகுக்குப் போகும்போது போடுகிற தோல் மேலங்கி, எண்ணெய் தடவிய பூட்ஸ், கையில் மூட்டை. தலையில் சிவப்புத் துணி.

"இது என்ன கோலம்?" என்றாள் அம்மா.

"இடுக்குக்குப் போறேன் அத்தை. சமையலுக்கு. அங்க போய் மான்காரங்களைக் கேக்குறேன். வேட்டைப் படகுக்காரர் யமால் கரையில இறக்கிவிடுறேன்னு சொல்லியிருக்காரு. திரும்பிப் போனவர் எதை மறந்துட்டுப் போனாருன்னு கேக்கணும்."

"பாட்டு?"

"நான் நிக்காம பாதிரியார் பாடமாட்டாரு."

"அதுக்குத்தான் போறியா?"

அண்ணி யோசித்தாள். "அதுக்கும்தான்" என்றாள். "இங்க இருந்தா விதவையா பொண்டாட்டியான்னு தெரியாம இருப்பேன். அங்கயும் தெரியாமலே போகலாம். ஆனா அங்க கேக்கவாவது ஆள் இருக்கும்."

 நெடும்பயணம் போகிறவர் புறப்படுமுன் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழ வேண்டும். உட்காராமல் அனுப்பினால் அனுப்பியதாக ஆகாது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். முற்றத்திலிருந்து யெவ்லாம்பி வந்து கைத்தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அண்ணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அம்மா மட்டும் நின்றாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நின்றால் இந்தப் பயணம் இல்லை. உட்கார்ந்தால் மகன் உயிரோடு இருக்கக்கூடும் என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி. தேநீர்ப் பாத்திரமான சாமோவார் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"மதியச் சாப்பாட்டுக்கு மீன் ரொட்டி வேகுது" என்றாள் அம்மா கடைசியில், யாரையும் பார்க்காமல். "எடுத்துக்கிட்டுப் போ. அங்க இருக்கிறவனுக்கு உப்புப் போட்டுச் சாப்பிட எதுவும் இருக்காது." சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், அந்தக் கறுப்புத் துணியின் மேலேயே.

நாங்கள் எழுந்தோம். முற்றத்தில் சிலுவை கிடந்தது, பெயர் முக்கால்வாசி வெட்டியபடி. அண்ணி அதன் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, இதை நடுவீங்களா?"

"தெரியலக்கா. என்ன செய்யட்டும்?"

"நடுங்க. பேர் வேணாம். சிலுவையோட அடியில சரிவா வர குறுக்குக்கட்டையில, மேல ஏறின முனை நேரா வடக்கைப் பாக்கணும். கோணலா வச்சுடாதீங்க. யாராவது பனிமூட்டத்துல அதைப் பாத்துத்தான் வீட்டுக்கு வருவாங்க."

யெவ்லாம்பி தலையை ஆட்டினார். எதிரே வேலிக்கு அப்பால் அக்ரஃபேனா நின்றிருந்தாள். அண்ணி அவளைப் பார்த்தாள், அவளும் பார்த்தாள்.  அக்ரஃபேனா வழியை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான்.

நான் வாசற்படிவரை போனேன். "அண்ணி, உங்களுக்கு எந்தக் காத்து வேணும்? கேட்டு வைக்கிறேன்."

அவள் விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்கிப் பார்த்தாள். "போறதுக்கு ஒண்ணு வேணும், திரும்பி வர ஒண்ணு வேணும்" என்றாள். "நீ ஒண்ணும் கேக்காதே அனிஸ்யா. ரொட்டி சூடா இருக்கு, கையைச் சுடுது."

ரொட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.